கூப்பனில் எழுதிய ஆர்டர்

2004 ஆவணி மாதம். ஆலங்குளத்தில் வீட்டு முன்னறையிலேயே பெடல் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தை இருந்ததால் நினைத்த நேரத்தில் பஸ் ஏற முடியாது. மதுரையில் ஒரு கடையில் தையல் சாமான் மொத்த விலைக்குக் கிடைக்கும், தபாலில் கேட்டாலும் அனுப்புவார்கள் என்று தெரிந்த அக்கா ஒருவர் முகவரி கொடுத்தார். 400 ரூபாய் மணியார்டர் கட்டினேன். கமிஷன் 20 ரூபாய். தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. அப்போதெல்லாம் மணியார்டர் ஃபாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் இருக்குமே, அந்தக் கூப்பனிலேயே எழுதிவிட்டேன்:

“16 நம்பர் ஊசி 2 பாக்கெட். ராமர் பச்சை நூல் 6. பாபின் 4. ஆலங்குளம்.”

எழுதும்போது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தெருக்கோடிக் கடையில் இப்படித்தானே கேட்போம், கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, பார்சல் வரவில்லை. வந்தபோது அதன் மேல் இன்னொரு ஆலங்குளத்தின் தபால் முத்திரை இருந்தது. விருதுநகர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலை இருக்கிற ஊருக்கும் ஆலங்குளம் என்றுதான் பெயர். நான் மாவட்டமும் எழுதவில்லை, பின்கோடும் எழுதவில்லை. எங்கள் பின்கோடு 627 என்று தொடங்கும், அவர்களுடையது 626. அந்த ஒரு எண் இருந்திருந்தால் பார்சல் நேரே இங்கே வந்திருக்கும்.

பிரித்துப் பார்த்தால் அதைவிட வேதனை. நூல் கிளிப்பச்சையில் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் ராமர் பச்சை என்றால் நல்ல அடர்ந்த பச்சை. ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கவும் ஃபால்ஸ் அடிக்கவும் வாங்கிய நூல் அது. புடவை ஓரத்தில் வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. அடிநூல் சுற்றுகிற பாபின், அதை வைக்கிற என் பாபின் கேஸுக்குள் உட்காரவில்லை. ஊசி உள்ளே போனது, ஆனால் நிற்கவில்லை. ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்கினாலும் லேசாகத் திரும்பிக்கொள்ளும், நாலு தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகும்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கடைக்குப் பேசினேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். கடை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, நீங்க கேட்டது 16 நம்பர், நாங்க அனுப்பினதும் 16 நம்பர்தான். உங்களது வீட்டு மெஷினா, பவர் மெஷினா?” என்றார். அங்கே வாங்குவோரில் பெரும்பாலோர் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட்காரர்கள். ஊசி என்று மட்டும் எழுதினால் பவர் மெஷின் ஊசியைத்தான் எடுத்து வைப்பார்களாம்.

எனக்கு அன்றைக்குத்தான் விஷயமே புரிந்தது. 16 என்பது ஊசியின் பருமன் மட்டும். பாக்கெட்டில் 100/16 என்று போட்டிருக்கும், அதாவது ஊசி ஒரு மில்லிமீட்டர் தடிமன். 14 என்றால் 90, 11 என்றால் 75. ஊசியின் வகை வேறு விஷயம். வீட்டு மெஷின் ஊசிக்குத் தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பாக்கெட்டில் எச்ஏ×1 என்றிருக்கும். பவர் மெஷின் ஊசி டிபி×1. அதன் தண்டு முழு உருண்டை, கொஞ்சம் மெலிசும்கூட. வருஷக்கணக்காகத் தைக்கிறேன், ஊசியின் தட்டைப் பக்கத்தைப் பார்த்துத்தான் தினமும் மாட்டுகிறேன். அதை எழுதிக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. என் மெஷின் என் கண் முன்னால் இருக்கிறது. அண்ணாச்சி கையில் இருப்பது அந்தக் கூப்பன் ஒன்றுதானே. குறையில் பாதிக்கு மேல் என் பக்கம்தான் என்பதை மனசார ஒத்துக்கொண்டேன்.

“மாத்தித் தர்றேன், ஆனா இந்தத் தடவை விவரமா எழுதுங்கம்மா” என்றார். அன்று ராத்திரி குழந்தை தூங்கின பிறகு ஒரு முழுத்தாள் எடுத்து உட்கார்ந்தேன். அதில் எழுதியது இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

“என்னுடையது காலால் மிதிக்கும் வீட்டு மெஷின். ஊசி எச்ஏ×1, 16 நம்பர் 1 பாக்கெட், 14 நம்பர் 1 பாக்கெட், பாக்கெட்டுக்குப் பத்து ஊசி. பழைய ஊசி ஒன்றை இந்தத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பாபின் 4. என் பாபினைத் தாளில் வைத்துச் சுற்றிலும் வரைந்திருக்கிறேன், அந்த அளவு வேண்டும். நூல் 6 கண்டு, கீழே ஒட்டியுள்ள துணியின் நிறம். அந்த நிறம் இல்லை என்றால் வேறு நிறம் அனுப்ப வேண்டாம். பணத்தை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் 27-ம் தேதி, 20-ம் தேதிக்குள் கிடைக்க வேண்டும்.”

முகவரியில் தெரு, தபால் நிலையம், திருநெல்வேலி மாவட்டம், பின்கோடு எல்லாம் எழுதினேன். (2019-லிருந்து எங்கள் ஊர் தென்காசி மாவட்டம். இதையும் பல கடைகளுக்குத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.) தவறாக வந்த சாமானையும் அதே கவரில் திருப்பி அனுப்பினேன்.

19-ம் தேதி பார்சல் வந்தது. நூலைத் துணி மேல் வைத்தால் எது நூல், எது துணி என்று தெரியாத அளவுக்குப் பொருந்தியிருந்தது. ஜாக்கெட்டை நேரத்துக்குக் கொடுத்தேன்.

அந்தக் கடிதத்தில் மிகவும் உதவியது “இல்லை என்றால் என்ன செய்வது” என்கிற வரிதான் என்று நினைக்கிறேன். கடைக்காரர்கள் நல்லெண்ணத்தில்தான் பக்கத்து நிறத்தைப் போட்டு அனுப்புகிறார்கள். லைனிங் துணிக்குப் பக்கத்து நிறம் வந்தால் எனக்குப் பரவாயில்லை, நூலுக்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. எதற்கு மாற்று சம்மதம், எதற்குச் சம்மதமில்லை என்று நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? நிறத்தின் பெயரை நம்புவதையும் அன்றோடு விட்டுவிட்டேன். அரக்கு, மயில் கழுத்து, வாடாமல்லி எல்லாம் ஊருக்கு ஊர் மாறுகிறது. நூல்கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதே கம்பெனி நூலுக்குத்தான் அந்த நம்பர் பொருந்தும் என்பதால் கம்பெனிப் பெயரையும் சேர்த்தே எழுதுவேன். பட்டனுக்கும் அப்படித்தான். “சட்டை பட்டன்” என்று எழுதாமல் 18 லைன் என்று அதன் அகலத்தை எழுதுவேன். 40 லைன் ஓர் அங்குலம்.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆனால் அவசரத்தில் வாய்ஸ் மெசேஜ் போட்டால் கடையில் பொட்டலம் கட்டுகிற பிள்ளை அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரே மெசேஜில் வரிக்கு ஒரு சாமானாக எழுதி அனுப்புகிறேன். ஃபோட்டோவை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் பச்சை வேறு பச்சையாகிவிடும். பகலில் வாசல்படிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுப்பேன்.

அண்ணாச்சி இப்போது கடைக்கு வருவதில்லை, அவருடைய மகன்தான் பார்க்கிறார். போன மாதம் ஊசி கேட்டதும், “அக்கா, வழக்கம்போலத்தானே?” என்று கேட்டிருந்தார். எச்ஏ×1, தட்டைத் தண்டு, 14 நம்பர், 2 பாக்கெட் என்று முழுசாக எழுதி அனுப்பினேன். “சரிக்கா” என்று பதில் வந்தது.