வீடு நம்முடையது, மனை பார்க்குடையது

கலிபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் தனி வீடு கட்டுப்படியாகாது என்றானதும்தான் மொபைல் ஹோம் பார்க்குகளைப் பார்க்க ஆரம்பித்தோம். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்கிய வீடுகள் வரிசையாக நிற்கும் வளாகம் அது. வீட்டை மட்டும் வாங்குகிறோம். அது நிற்கும் மனைக்கு மாதாமாதம் வாடகை. பெயர்தான் மொபைல். ஒருமுறை இறக்கி வைத்த டபுள்வைட் வீட்டை, அதாவது இரண்டு பாதிகளாகக் கொண்டுவந்து இணைத்த வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோகும் செலவைக் கேட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவீர்கள். ஆகவே, பிடிக்காவிட்டால் காலி செய்துகொள்ளலாம் என்கிற நினைப்பு இங்கே செல்லாது.

நாங்கள் பார்த்த வீட்டின் விளம்பரத்தில் மனை வாடகை 1,080 டாலர். பார்க் அலுவலகத்தில் விசாரித்தால், "அது இப்போது இருப்பவருக்கு. புதிதாக வருபவருக்கு 1,420" என்றார் மேனேஜர் அம்மா, வெகு சாதாரணமாக. வருடத்துக்கு 4,080 டாலர் கூடுதல்! கலிபோர்னியா முழுமைக்கும் பொதுவான வாடகை உச்சவரம்பு கிடையாது. ஊருக்கு ஊர் மாறும். சான் ஹோசே நகரச் சட்டத்துக்கு உட்பட்ட பார்க்குகளில் ஆண்டு உயர்வு விலைவாசி உயர்வின் 75 சதவீதம். 3 சதவீதத்துக்குக் குறையாது, 7ஐத் தாண்டாது. எங்கள் வீடு இருந்த பக்கத்து ஊரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாடகையை உயர்த்த 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மாதத்துக்குக் கூடும் அந்த 340 டாலரைக் காட்டித்தான் வீட்டு விலையில் பேரம் பேசினோம். விற்பவர் முதலில் முகம் சுளித்தார். அடுத்து வருபவரும் இதையேதான் கேட்பார் என்பது தெரிந்தோ என்னவோ, இறங்கி வந்தார்.

வீட்டைப் பார்க்கும்போது சுவர் பெயின்ட்டில் மயங்க வேண்டாம். ஒவ்வொரு பாதியின் வெளிப்புறத்திலும் சிவப்பு நிறத்தில் சின்ன உலோகத் தகடு இருக்கிறதா பாருங்கள். 1976 ஜூன் 15க்குப் பிறகு, அமெரிக்க மத்திய அரசின் தரவிதிப்படி கட்டிய வீடு என்பதற்கு அடையாளம் அது. அதற்கு முந்தைய வீடு என்றால் லோன் கிடைப்பது பெரும்பாடு. அப்புறம் வாஷிங் மெஷின், பாத்ரூம் ஓரமெல்லாம் தரையைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். எங்களுக்குப் பிடித்த இன்னொரு வீட்டில் அங்கே தரை மெத்தென்று அமுங்கியது. கீழே பலகை ஊறிப்போயிருந்தது. அதோடு அதை விட்டோம்.

மனை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் குறைந்தது மூன்று நாள் முன்பே பார்க்கின் நிலையைச் சொல்லும் படிவத்தை நிர்வாகம் தர வேண்டும். நீண்ட கால ஒப்பந்தத்தை நீட்டினார்கள். 12 மாதம் போதும் என்றோம். அது நம் உரிமை.

விதிப்புத்தகம்தான் சுவாரசியம். வாசலில் செருப்பு ஸ்டாண்ட் கூடாது, உள்தெருவில் கார் நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். விருந்தினர் தொடர்ந்து 20 நாளுக்கு மேலோ, வருடத்தில் மொத்தம் 30 நாளுக்கு மேலோ தங்கினால் கட்டணம் என்றும் இருந்தது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் இருப்பார்களே! கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 798.35 பிரிவை எடுத்துப் படித்தேன். வீட்டின் சொந்தக்காரர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இருவரின் பெற்றோர், பிள்ளைகள், 18 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகள் இவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. மச்சினனும் சித்தியும் பட்டியலில் இல்லை. அவர்கள் நாள் எண்ணித்தான் வர வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க் என்றால் கதையே வேறு. குழந்தை உள்ளவர்கள் அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு நிலப் பத்திரம் மாதிரி இல்லை, டைட்டில் என்கிற உரிமைச் சான்றுதான். பொதுவாக மாநில வீட்டுவசதித் துறையில் பெயர் மாற்ற வேண்டும். பழைய சொத்துவரி பாக்கி இல்லை என்று கவுன்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) தரும் சான்றிதழை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பணம் கைமாறும் முன் பார்க் நம்மை ஏற்க வேண்டும். வாடகை கட்ட முடியுமா, விதிகளை மதிப்போமா என்று பார்ப்பார்கள். 15 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பார்க் ஏற்றால்தான் வாங்குவோம் என்று விலை பேசும் தாளிலேயே எழுதிவிட்டோம். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு வாங்கும் கட்டணத்தை முதல் மாத வாடகையில் கழிக்க வேண்டும். எங்கள் பில்லில் கழித்திருக்கவில்லை. கேட்டதும் மேனேஜர் அம்மா மறுபேச்சில்லாமல் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்.