யாரும் கேட்காத பூக்கள்

புதுச்சேரியில் பூவுக்குப் பஞ்சமில்லை, காம்புக்குத்தான் பஞ்சம். குபேர் மார்க்கெட்டின் பூக்கடை வரிசைக்குள் நுழைந்தால் மல்லி, முல்லை, கனகாம்பரம், சாமந்தி, சம்பங்கி, பன்னீர் ரோஜா என்று கூடை கூடையாகக் கொட்டிக் கிடக்கும். எல்லாம் கழுத்தோடு கிள்ளி எடுத்தவை. நார் சுற்ற நகக்கண் அளவு காம்பு இருந்தால் போதும், தொடுத்துவிடலாம். ஜாடியில் வைக்க முடியாது. "ஒரு முழம் காம்போட ரோஜா இருக்குமாக்கா?" என்று கேட்டேன். "முழம்னா கட்டின பூதாம்மா" என்று சொல்லி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு சரத்தை அளந்து காட்டினார் கடைக்கார அக்கா. பொக்கே கடைகளில் ஓசூர்ப் பக்கமிருந்து வரும் ஜெர்பராவும் நீளக் காம்பு ரோஜாவும் கிடைக்கும்தான். ஆனால் எந்த ஊரில் வாங்கினாலும் அவை ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கும். வளைவு நெளிவுள்ள ஒரு தண்டு வேண்டுமென்றால் வீட்டில் வளர்த்தால்தான் உண்டு.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்தேன். என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "சொந்த ஊருக்கே திரும்பி வந்துட்டே" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. பேசும் மொழி ஒன்றாக இருந்தாலும் இது எனக்குப் புது நாடு. விசா, பதிவு, ஓசிஐ அட்டை என்று காகித வேலைகளை மற்ற வெளிநாட்டுக்காரர்கள் போலவே நானும் பார்த்தேன். அவற்றைக்கூடச் சமாளித்துவிட்டேன். பூவில்தான் தடுமாறினேன்.

ஈப்போவில் வருஷம் பூராவும் மழை. வேலியோரம் செம்பருத்தி தானாக வளரும். 1960-ல் அதைத்தான் நாட்டின் தேசிய மலராக அறிவித்தார்கள். ஹெலிகோனியாவும் சிவப்பு இஞ்சிப் பூவும் யாரும் கேட்காமலே புதராக மண்டும். கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில், வார இறுதியில் ஒரு ஜப்பானிய அம்மையாரிடம் இகெபானா என்ற ஜப்பானிய மலர் அலங்காரக் கலையைக் கற்றுக்கொண்டேன். இங்கே வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு கென்சானைச் சுற்றி வைத்தேன். ஈயப் பலகையில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும், உள்ளங்கைக்குள் அடங்கும், எடை மட்டும் படிக்கல் போல இருக்கும். தாம்பாளம் மாதிரி ஆழமில்லாத கிண்ணத்தில் அதை வைத்துத் தண்டை ஊசியில் குத்தினால் எந்தச் சாய்விலும் நிற்கும்.

வந்த புதிதில், பின்பக்கத் தோட்டத்தில் பூத்திருந்த நந்தியாவட்டைக் கிளையைப் பார்த்து ஆசையோடு கத்தரிக்கோலை எடுத்தேன். அத்தை வேகமாக வந்து கையைப் பிடித்தார். அது காலைப் பூஜைக்கு. செம்பருத்தி பிள்ளையாருக்கும் அம்மனுக்கும், மீந்தால் தலைக்குக் காய்ச்சும் எண்ணெய்க்கு. கனகாம்பரமும் டிசம்பர் பூவும் தலையில் வைக்க. துளசியைச் சாயங்காலம் தொடக் கூடாது. பவழமல்லி மட்டும் தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சாமிக்கு வைக்கலாம். முகர்ந்து பார்த்த பூ சாமிக்கு ஆகாது என்பதால் நான் தோட்டத்தில் மூக்கை நீட்டுவதும் தடை. இப்படி ஒவ்வொரு செடிக்கும் ஏற்கெனவே ஓர் உரிமைக்காரர் இருந்தார். மேஜை மேல் வைத்து வெறுமனே பார்ப்பதற்கு என்று ஒரு பூவும் ஒதுக்கப்படவில்லை.

சாமந்தி விஷயம் வேறு. ஈப்போவில் எங்கள் சீனப் பக்கத்து வீட்டார் வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் சாமந்தியும் வாங்கினால் அது இறந்தவர்களுக்கு. இங்கே ஆயுத பூஜையன்று அதே பூ ஆட்டோ, மோட்டார் பைக், லேத் மெஷின் எல்லாவற்றிலும் தொங்குகிறது. ஜப்பானில் அது அரச குடும்பத்தின் சின்னம், இறுதிச் சடங்குக்கும் அதே பூதான். ஈழத்தலரியும் இதே கதைதான். மலேசியாவில் மலாய்க்காரர்களின் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் மரம் என்பதால் அம்மா அதை வீட்டுக்குள் விட்டதே இல்லை. இங்கே பிரெஞ்சுத் தெருக்களில் உள்ள ஹோட்டல்களில் வாசலிலேயே உருளித் தண்ணீரில் மிதக்கவிடுகிறார்கள். முதலில் அந்த வாசல்களைத் தாண்டும்போது கொஞ்சம் உதறலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

அத்தையிடம் இகெபானாவை எப்படி விளக்குவது என்று யோசித்து, அது தொடங்கிய இடத்திலிருந்தே சொன்னேன். புத்தருக்கு மலர் படைத்ததிலிருந்து வளர்ந்த கலை அது. கியோட்டோவின் ரொக்காகுடோ கோயிலை ஒட்டி இகெனொபோ மரபு உருவானது. "அப்ப சாமிக்கு வச்சதுதானே, பரவாயில்ல" என்றார். தைரியம் வந்து ரிக்யூ கதையையும் சொன்னேன். 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசானாக இருந்தவர் ரிக்யூ. அவர் தோட்டத்தில் காலையில் மலரும் ஒரு வகைக் கொடிப்பூ மண்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, அதிகாரத்தில் இருந்த ஹிதெயோஷி பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ இல்லை. எல்லாவற்றையும் வெட்டியாகிவிட்டது. தேநீர் அறைக்குள் போனால் அங்கே ஒரே ஒரு பூ. நான் மெய்சிலிர்த்துச் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டது: "மிச்சப் பூவெல்லாம் என்ன பண்ணினான்? சாமிக்காவது போட்டிருக்கலாமே!" அந்தக் கேள்விக்கு எந்த ஜப்பானிய ஆசிரியரிடமும் பதில் இருக்கும் என்று தோன்றவில்லை.

உரிமை கோரப்படாதவற்றைத் தேடினேன். பூ வேண்டாம், இலைதழை போதும் என்று பங்குனியில் வேப்பங்கொழுந்தை எடுத்தேன். செம்பு நிறத்தில் மினுமினுக்கும் அந்தத் துளிருக்கு ஈடாக எந்தப் பூவையும் நான் சொல்ல மாட்டேன். உயரமான ஜாடியில் சாய்த்து, வெளியே தெரியும்படி வாசல் திண்ணையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு அக்கா தெருவைத் தாண்டாமல் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "உங்க வீட்டுல யாருக்கும்மா அம்மை போட்டிருக்கு?" ஜாடியை உள்ளே கொண்டுபோய்விட்டேன். கொழுந்து மறுநாளும் அழகாகத்தான் இருந்தது.

கடைசியில் எனக்கென்று சில தேறின. முதலாவது காகிதப்பூ. இந்த ஊர் மதில்களில் வழிந்து நிற்பதை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், யாரும் தலையில் வைப்பதில்லை, எங்கள் தெருவில் யாரும் சாமிக்குப் போடுவதும் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, பெயர் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியுடையது. என்னைப் போல அதுவும் வந்தேறிதான். ஜாடியில் வைத்தால் சீக்கிரம் துவண்டுவிடும் என்பது உண்மை. இலைகளை முழுக்க உருவிவிட்டு, கொம்பை அப்படியே ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்து எடுத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். அடுத்தது பூவரசு. காலையில் மஞ்சளாக விரிந்து, சாயங்காலத்துக்குள் செம்பழுப்பு ஏறி, ஒரே நாளில் கதை முடிந்துவிடும். ஒரு கிளை, ஒரு பூ, ஒரு மண் குடுவை என்று வைத்தால் நாள் முழுக்க நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்வாழையில் பூவைவிட இலைதான் உபயோகம். கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் காய்ந்த பிறகும் நிறம் விடாது. இட்லிப்பூவை அத்தை பாதிப் பங்குக்கு விட்டுக்கொடுத்தார். தண்டின் அடியைக் கத்தியால் பிளந்துவிட்டால் நான்கைந்து நாள் தாங்கும்.

செம்பருத்தியைத் தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரு நாள்தான். அன்று மலர்ந்ததைக் காலையிலேயே பறித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் சாயங்காலம் விருந்தாளி வரும் நேரத்தில் விரிந்தபடியே எடுத்து வைக்கலாம். சம்பங்கித் தண்டு அடியிலிருந்து மேலே மலர்ந்துகொண்டு போகும். வாடியதை அடியிலிருந்து கிள்ளிக்கொண்டே வரவேண்டும். பால் வடியும் ஈழத்தலரிக் கொம்பின் நுனியை மெழுகுவர்த்தியில் ஒரு முறை காட்டிவிட்டால் பால் அடைபடும். அரளியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. செடி முழுக்க விஷம், ஜாடித் தண்ணீரிலும் அது இறங்கும். குழந்தைகள் வந்து போகிற வீட்டில் எதற்கு வம்பு.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு. கண்ணாடி ஜாடியில் ஒரு வாரத்தில் வெள்ளைப் படலம் ஏறிவிடும். புளி போட்டுத் தேய்த்தால் போகும் என்பது அத்தை சொல்லித் தந்தது. அந்தத் தண்ணீரில் பூவின் ஆயுளும் குறைகிறது. அதனால் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஜாடிக்கும் போகிறது. சித்திரை, வைகாசியில் காலை, மாலை இரு வேளையும் மாற்றுகிறேன். இகெபானாவில் தண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து வெட்டச் சொல்வார்கள். வெட்டும் நொடியில் காற்று உள்ளே புகுந்து தண்ணீர் ஏறும் வழியை அடைக்காது என்பது காரணம். இந்த ஊர் வெயிலில் அந்த ஒரு பழக்கம் மட்டும் போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கணக்கு வேண்டுபவர்களுக்கு: சோகெட்சு என்ற பள்ளியில், 1927-ல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கியது, மூன்று முக்கியத் தண்டுகள். கிண்ணத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி அதைப் போல ஒன்றரை மடங்கு முதல் தண்டு. அதில் முக்கால் இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் மூன்றாவது. 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள தட்டு என்றால் முதல் தண்டு சுமார் 52 செ.மீ., அடுத்தது 39, கடைசி 29. நேராக நிமிர்ந்த கோட்டிலிருந்து முறையே 15, 45, 75 டிகிரி சாய்வு. இடையில் காலி இடம் இருந்தால் பதறி நிரப்பக் கூடாது. கல்யாண மேடைப் பூச்சுவர்களைப் பார்த்துப் பழகிய என் நாத்தனாருக்கு இதுதான் ஜீரணமாகவில்லை. "இன்னும் முடிக்கலையா அண்ணி?" என்பார், முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

கென்சான் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவது ஜாடிக்கு வாழைமரம் கைகொடுத்தது. குலை வெட்டிய மரத்தின் தண்டை மூன்று விரல் கனத்தில் வட்டமாக அறுத்துத் தட்டில் வைத்துத் தண்டுகளைக் குத்தினால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஈரமும் உள்ளேயே இருக்கும். கடையில் விற்கும் பச்சை நுரைக் கட்டி மக்காத பிளாஸ்டிக் வகை, உடைந்து தூளாகும், எனக்கு அதைத் தொடவே பிடிக்காது. வாழை மூன்றாம் நாள் நாற ஆரம்பிக்கும், அவ்வளவுதான் குறை. அப்புறம் வாழைக்கறை. நல்ல புடவை கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஜப்பான் வழக்கத்தை இங்கே கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். ஊரைச் சுற்றிப் பார்த்ததும் அது போய்விட்டது. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை இங்கே நிரந்தரமாகத் தங்கும் முன் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் இருந்தவர். சமாதிப் பளிங்கின் மேல் தினமும் பூக்களை அடுக்கும் விதத்தைப் பார்க்கவே நான் சில காலைகளில் போய் நிற்பேன். ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வரைந்த அன்டோனின் ரேமண்ட் டோக்கியோவில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். எனக்கு நேரடியாக உதவியது இன்னொன்று: 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடம். டெபோரா ஜப்பானின் பிசெனில் தொழில் கற்றவர். அந்தக் கூடத்தில் பழகியவர்கள் பலர் இந்த வட்டாரத்தில் சொந்தச் சூளை வைத்திருக்கிறார்கள். அதனால் கனமான, மங்கலான பழுப்பு நிறக் கிண்ணங்கள் இங்கே சுலபமாகக் கிடைக்கின்றன. விளிம்பு உடைந்ததை மலிவாகத் தருவார்கள், உடைந்த பக்கத்தை ஓர் இலையால் மறைத்துவிடலாம். வில்லியனூர் சுடுமண் குடுவையும் அழகுதான். ஆனால் தண்ணீர் கசியும், உள்ளே ஒரு டம்ளரை இறக்கி வைக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தண்ணீர் வடிந்ததும் தெரு நெடுகக் கிளைகள். முறிந்த பூவரசு, இயல்வாகை, வேம்பு, இலை உதிர்ந்து கோணிக்கொண்ட முருங்கை. கரண்ட் இல்லை, வீட்டைக் கழுவும் வேலை மலையாக இருந்தது. அதற்கு நடுவிலும் நல்ல வளைவுள்ள கொம்புகளை ஓரமாகச் சேர்த்தேன். "விறகுக்கா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. ஜாடிக்கு என்றேன். சிரித்துவிட்டு, தன் வாசலில் கிடந்த ஒரு நீளக் கொம்பையும் இழுத்துக்கொண்டு வந்து போட்டார். பாசி படிந்த கொம்பு, நான் சேர்த்ததிலேயே அதுதான் சிறந்தது. அதற்குப் பிறகு தெருவில் யார் மரம் கழித்தாலும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடுகிறது. சில நாள் வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, பின்பக்கம் ஏற்கெனவே விறகுக்கடை மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார்.

வரும் ஆடிப் பட்டத்துக்குத் தோட்டத்தைப் பிரித்தாகிவிட்டது. வெயில் விழும் கிழக்குப் பக்கம் அத்தையின் கனகாம்பரத்துக்கும் சாமந்திக்கும். கிணற்றடிக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் நிழல் பகுதி எனக்கு. ஹெலிகோனியாவின் இலை இந்த வெயிலில் ஓரம் கருகிவிடும் என்பதால் எனக்கும் அதுதான் வசதி. கிழங்கு சொல்லி வைத்திருக்கிறேன். நந்தியாவட்டை பற்றி மட்டும் பேச்சு முடியவில்லை. காலைப் பூஜை ஆன பிறகு மிச்சம் இருந்தால் ஒரு கிளை என்கிறார் அத்தை. மொட்டோடு ஒரு கிளை வேண்டும் என்கிறேன் நான்.