குதிரை வாங்க முதல் உங்கள் குணத்தைப் பாருங்கோ

வேகக்காரருக்கு வேகக் குதிரை, சாதுவானவருக்குச் சாதுக் குதிரை என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். இது பிழை. குதிரை பயந்து ஓடித் தப்புகிற சாதி. மேலே இருக்கிறவரின் தொடை இறுகினாலே அதற்கும் பதற்றம் தொற்றிவிடும். மாட்டுவண்டிச் சவாரிக்கு நாம்பன்களைச் சோடி பார்த்துப் பூட்டுகிற ஊருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே சோடியில் ஒன்று நீங்கள், அவ்வளவுதான். உங்களிடம் இல்லாத குணம் குதிரையிடம் இருக்க வேண்டும்.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் ஓடுகிற தரோபிரெட் பந்தயக் குதிரையைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று பொலிகுதிரைகளின் வழிவந்த இனம். 16 கை உயரம் (ஒரு கை 4 அங்குலம்), மெல்லிய தோல், தொட்டவுடன் பாய்ச்சல். ஓட்டத்தில் இருந்து ஓய்ந்த குதிரையை மலிவாக எடுப்பவர்கள் ஒரு விசயத்தில் ஏமாறுகிறார்கள். நிறுத்தவென்று வாரை இழுத்துப் பிடித்தால், அது கடிவாளத்தில் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும், ஏனென்றால் அதற்குப் பழக்கியதே அப்படித்தான். இழுப்பதும் விடுவதுமாகச் சின்னச் சின்னதாகப் பிடிக்க வேண்டும். கோபக்காரருக்கு இது கைவராது. அவசரப்படாத, கிழமையில் ஐந்து நாளாவது ஏறக்கூடிய ஆளுக்கு உரிய குதிரை இது.

அரபுக் குதிரை 14.1 முதல் 15.1 கை வரை. எங்கள் வெக்கைக்குத் தாங்கும், தூரம் போகும், கெதியாகப் படிக்கும். அந்தக் கெட்டித்தனம்தான் தலையிடியும்: ஒருநாள் தலையை உதறியதற்காக நீங்கள் வாரைத் தளர்த்தினால், உதறினால் விடுவார் என்று படித்துவிடும். பிறகு அதை மறக்கவைக்க மாதக்கணக்கு. இன்றைக்கு ஓம், நாளைக்கு இல்லை என்று மாற்றி மாற்றி நடக்கிறவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

பயந்த சுபாவமா? அமெரிக்க குவாட்டர் குதிரையைப் பாருங்கோ. கால் மைல் ஓட்டத்தில் பெயர் எடுத்ததென்றாலும் நிற்கச் சொன்னால் நிற்கும். வடிவுதான் முக்கியமென்றால் ராஜஸ்தானின் மார்வாரி. உள்நோக்கி வளைந்து நுனி முட்டுகிற காது வேறெங்கும் இலேசில் காணக்கிடையாது, பாலை வெயிலும் அதற்குப் பழக்கம். கன்னங்கரேலென்ற பிரீசியன் குதிரை படத்துக்கு நல்லது, வெயிலில் நின்றால் மயிர் செம்பட்டையாகும். ஐஸ்லாந்துக் குதிரை ஊரை விட்டு வெளியே வந்தால் நுளம்பு மாதிரியான சிறு பூச்சிக்கடியிலேயே சொறி பிடித்துப் பிடரியைத் தேய்த்தெடுக்கும், இங்கே யோசிக்கவே வேண்டாம்.

நெடுந்தீவு மட்டக்குதிரையை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் குதிரை பற்றி எழுத ஏலாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை, இப்போது கட்டாக்காலி. வறண்ட மாதங்களில் தண்ணீரில்லாமல் சாகிறவையும் உண்டு. தீவை விட்டுக் கொண்டுபோகத் தடை, ஆகவே வாங்குகிற பேச்சே இல்லை. ஆனால் குதிரைக் குணம் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. குறிகட்டுவானில் படகேறிப் போய், தள்ளி நின்று காதுகளைப் பாருங்கோ. முன்னுக்கு நிமிர்ந்தால் விடுப்புப் பார்க்கிறது, பக்கவாட்டில் தொங்கினால் ஓய்வு, பிடரியோடு ஒட்டினால் அடுத்தது கடி அல்லது உதை. தின்னக் கொடுத்துப் பழக்காதேங்கோ.

உயரத்தில் ஒரு குழப்பம்: 14.2 கை என்பது தசமம் இல்லை, 14 கையும் 2 அங்குலமும். ஒரு கை 4 அங்குலம், ஆக 58 அங்குலம். அளப்பது தலை வரை அல்ல, பிடரி முடிகிற தோள் மேடு வரை. நிறைக்கு, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் பிரியுங்கோ. சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. அதில் ஐந்திலொன்று, 60 கிலோ, சேணத்தையும் சேர்த்து நீங்கள் ஏற்றக்கூடிய பாரம்.

அதே குதிரைக்கு நாளுக்கு 6 கிலோ காய்ந்த புல். பச்சையென்றால் நாலைந்து மடங்கு, அதில் முக்கால்வாசி தண்ணீர். மாட்டை வளர்த்த கைக்கு இங்கேதான் பிழைக்கும். குதிரையின் இரைப்பை சின்னது, தின்றதைச் சத்தியெடுக்கவும் அதால் முடியாது. ஒரேயடியாகத் தீவனம் கொட்டினால் வயிற்றுக்குத்து வந்து உருண்டு புரளும். தவிட்டையே நம்பினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு கெடும். மொனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத் தீவனம் குதிரைக்கு நஞ்சு, பையில் எழுதியிருப்பதை வாசியுங்கோ. மணல் வளவில் நிலத்தில் போடாமல் தொட்டியில் போடுங்கோ, மணலும் குடலில் சேரும். புதுத் தீவனத்தைப் பத்து நாளெடுத்து மாற்ற வேண்டும். குளம்பு சீவ ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஆள் வேண்டும். அந்த ஆளை முதலில் தேடிப் பிடியுங்கோ.

இனத்தின் பெயர் பாதிதான் சொல்லும், மீதி அந்தக் குதிரை. பார்க்கப் போகும்போது சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கோ. களைக்க ஓடவிட்டுச் சாதுவாகக் காட்டுகிற வித்தை உண்டு. சேணம் போடுகிற இடத்தில் காய்ந்த வியர்வைத் தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கோ. நாலு காலையும் தூக்கச் சொல்லுங்கோ. விற்கிறவரே முதலில் ஏறட்டும். சாட்டுச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கோ.