பேன்ட் சைஸ் 34

முழு உடல் பரிசோதனைப் பிரிவில் உயரம், எடை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எடுப்பது என் வேலை. மற்ற மூன்றுக்கும் பேசாமல் நிற்பவர்கள், டேப்பை எடுத்ததும் வாய் திறப்பார்கள். ஆண்களிடம் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "அளக்கவே வேணாம் சிஸ்டர், 34 தான். பத்து வருஷமா அதே சைஸ்."

பொய்யில்லை. பேன்ட் 34 தான். ஆனால் தொப்பை முன்னால் வரவர பேன்ட் கீழே இறங்கிவிடுகிறது. நான் அளக்கும் இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே. 34 அங்குலம் என்றால் 86 சென்டிமீட்டர்தான் வரவேண்டும். டேப்பில் 98 வரும்.

டேப் தொட்டதும் எல்லோரும் மூச்சை இழுத்து வயிற்றை ஒளித்துக்கொள்வார்கள். "இழுக்காதீங்க" என்று சொன்னால் இன்னும் இழுப்பார்கள். அதனால் பேச்சுக் கொடுப்பேன். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் போதும். பதிலோடு மூச்சும் வெளியே வந்துவிடும். அந்த நொடியில் எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். இரவுக் காவல் பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான கை, குச்சிக் கால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 22.5. வெளியே கூட்டம். இவருக்கு எதற்கு என்று இடுப்புச் சுற்றளவுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். மாலையில் ரத்த ரிப்போர்ட் வந்தது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 240, நல்ல கொழுப்பு 33, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. மூன்றும் சரியில்லை. டாக்டர் காலிக் கட்டத்தில் விரலை வைத்து, "இது எங்கம்மா?" என்றார். மறுநாள் காவலாளியை வரவழைத்து அளந்தேன். 94.

இடுப்புச் சுற்றளவுக்குத் தெற்காசியர்களுக்கு வைத்திருக்கும் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை என்ற ஐந்தில் மூன்று தவறினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பைக் கூட்டும் கோளாறுகளின் கூட்டு. அவருக்கு நான்கு. 1988இல் ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் கோளாறுகளைச் சேர்த்து 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தபோது, உடல் பருமனை அதில் சேர்க்கவேயில்லை. குண்டாக இல்லாதவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும் என்பதை அவர் பார்த்திருந்தார். டாக்டர் எனக்கு ஒரு படமும் காட்டினார். 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. யாக்னிக், யட்கின் என்று இரண்டு மருத்துவர்கள், ஒருவர் இந்தியர், ஒருவர் ஆங்கிலேயர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் கொழுப்பு மட்டும் யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யட்கினுக்கு 9.1. அதற்கப்புறம் எடை பார்க்கும் மெஷின் மீது எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

வளரும் நாடுகளில் இது பணக்கார வீட்டு நோய் என்று இன்னும் ஒரு நினைப்பு இருக்கிறது. எங்கள் வரிசையில் நிற்பவர்கள் ஓட்டுநர்கள், காவலாளிகள், கல்லாவில் உட்காருபவர்கள். பலருக்கும் ஊரில் அப்பா வெயிலில் உழைத்தவர். மகனுக்காவது நாற்காலி கிடைக்கட்டும் என்று படிக்க வைத்தவர். நாற்காலி கிடைத்துவிட்டது. பற்றாக்குறைக்குப் பழகி, சிறு எடையில் பிறந்த உடம்புக்குத் திடீரென்று வயிறார உணவும் நாள் முழுக்க உட்காரும் வேலையும் சேர்ந்து வந்தால் கொழுப்பு நேரே வயிற்றில்தான் போய்ச் சேர்கிறது.

வாரத்துக்கு 150 நிமிட நடை, எடையில் 7 சதவீதம் குறைப்பு. இதைச் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்ததாக 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த அறிவுரைத் தாளைக் கொடுக்கும்போது காவலாளி கேட்டார்: "எப்ப நடக்கிறது சிஸ்டர்? பன்னிரண்டு மணி நேரம் டூட்டி, போக வர ரெண்டு மணி நேரம் பஸ்." நடைபாதை இல்லாத சாலையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் தாளை மடித்து அவர் பையில் வைத்தேன். வேறென்ன செய்ய?

போன மாதம் ஊழியர்களுக்கும் பரிசோதனை. கூட வேலை பார்க்கும் பெண் டேப்பைச் சுற்றினாள். என்னையறியாமல் மூச்சை இழுத்தேன். "பாப்பா எந்த வகுப்புக்கா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் 84 என்று எழுதிவிட்டாள்.