பன்றியைத் துலக்கிக் கவிழ்த்து வை (3)

தலைப்பில் இருப்பது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. அடைப்புக்குள் இருக்கும் 3, கட்டங்களின் எண்ணிக்கை. விடை: ஏனம். தேவாரத்தில் ஏனம் என்றால் காட்டுப்பன்றி. சில ஊர்ப் பாட்டிகளிடம் கேட்டால், துலக்க வேண்டிய பாத்திரம். தமிழ் எம்.ஏ. படித்தவர் பன்றியைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் தெரியாமல் முழிப்பார். பாட்டிக்குப் பன்றியைப் பற்றிக் கவலையே இல்லை. 'ஏனம்தான், வேற என்ன?' என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விடுவார். பழஞ்சொல் புதிர் என்றால் இந்த இருவரில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும், அல்லது இருவரும் இல்லாமலேயே விடை காணத்தக்கதாகக் குறிப்பு இருக்க வேண்டும்.

நடப்பதோ வேறு. புதிர் போடுகிறவருக்குப் பழந்தமிழ்ப் பற்று பொங்கி வழிவதால் அல்ல, பழைய சொற்கள் கட்டத்துக்குள் வருவது. மூலை முடங்கிவிடும். '_ழ_' என்று ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சென்னைப் பல்கலைக்கழக அகராதியைப் புரட்டினால் எப்படியும் ஏதாவது அகப்படும், லட்சத்துக்கு மேல் சொற்கள் இருக்கின்றனவே. அதை எடுத்து அடைத்துவிட்டு 'ஒரு வகைப் புல்' என்று குறிப்பு எழுதிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் புல்லால் எத்தனை வீடுகளில் காபி ஆறிப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

கட்டம் ஏன் முடங்குகிறது என்று புரிந்தால்தான் பழஞ்சொல்லை எங்கே வைக்கலாம் என்பது புரியும். ஆங்கிலத்தில் எந்த எழுத்தும் சொல்லின் எந்த இடத்திலும் உட்காரும். நம் எழுத்துகளுக்கு ஆசாரம் அதிகம். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது ('க்ளாஸ்', 'ப்ளீஸ்' என்று எழுதுபவர்களுக்கு விலக்கு). ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் பழந்தமிழ்ச் சொல்லைத் தொடங்கமாட்டா. வல்லின மெய்யில் சொல் முடியாது. உயிரெழுத்தோ சொல்லின் தலையில் மட்டும்தான் உட்காரும். ஆகவே உயிரெழுத்துக் கட்டத்தில் இரண்டு சொற்கள் சந்தித்தால், இரண்டுமே அங்கேதான் தொடங்க வேண்டும். இதிலிருந்து தப்ப அளபெடை என்ற கொல்லைப்புற வழி ஒன்று உண்டு. 'மரூஉ' மாதிரிச் சொல்லைப் போட்டால் கடைசிக் கட்டத்தில் உ வந்துவிடும். ஒரு புதிரில் ஒருமுறை செய்யலாம். இரண்டாம் முறை செய்தால் சண்டைக்கு வருவார்கள்.

மேல் வரிசைக்கு முந்திரி நல்ல சொல். மு-ந்-தி-ரி, நாலு கட்டம். முதல் கட்டத்திலிருந்து முறம் இறங்கும், மூன்றாவதிலிருந்து திரிகை இறங்கும், ந்-க்கும் ரி-க்கும் கீழே கறுப்பு. குறிப்பும் தானாக வருகிறது: '320-இல் ஒரு பங்கு, பாயசத்தில் மிதக்கும்'. பழைய பின்ன வாய்பாட்டில் 1/320-க்குப் பெயர் முந்திரி. நெய்யில் வறுபடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அதே வரிசையில் உழக்கைப் போட்டுப் பாருங்கள். உ-ழ-க்-கு. நடுவில் இரண்டு கட்டமும் கீழே இறங்க மறுக்கும். முதலில் உரி, நாலாவதில் குறுணி என்று இறக்கினால் இலக்கணப்படி சரி. ஆனால் உழக்கு, உரி, குறுணி மூன்றும் பழைய முகத்தலளவைகள். ஒன்று தெரியாதவருக்கு மற்ற இரண்டும் தெரியாது, அந்த மூலை முழுக்க வெள்ளையாகவே கிடக்கும். பழஞ்சொல் புதிரில் தலையாய விதி இதுதான்: பழஞ்சொல்லைப் பழஞ்சொல் வெட்டக் கூடாது. உழக்கு குறுக்கே போனால் நெடுக்கே இறங்குவது உப்புமாவாக இருக்கட்டும். 11-க்கு 11 கட்டத்தில் ஆறு பழஞ்சொல் தாராளம். அதற்கு மேல் போனால் புதிர் தேர்வுத்தாள் ஆகிவிடும்.

கீழ் வரிசையில் வேறு தலைவலி. நெடுக்கே வரும் சொற்கள் அங்கே முடிகின்றன. 'கலம்' என்று அடியில் வைத்தால், மேலிருந்து ஒரு சொல் வந்து 'க'-வில் முடிய வேண்டும். அகரத்தில் முடியும் பெயர்ச்சொல் தமிழில் அரிது. அதனால்தான் புதிர்களின் அடியில் 'வாழ்க', 'வருக', 'போக' என்று எப்போதும் அரசியல் மேடை மாதிரி இருக்கிறது.

ஆய்தம் தனி ரகம். நடுவில் மட்டும் வரும், முன்னால் குறில், பின்னால் வல்லினம். அதை வெட்டிப்போகும் சொல்லிலும் நடுவில் ஆய்தம் வேண்டும். எஃகும் கஃசும் ஒன்றையொன்று அழகாக வெட்டும். கஃசு என்பது கால் பலம் (பலம் பழைய எடை அளவு). திருக்குறளில் உழவு அதிகாரத்தில், ஒரு தொடிப் புழுதி கஃசாகக் காயும்படி உழச் சொல்கிறாரே, அதே கஃசு. தொடி என்றால் ஒரு பலம். எஃகு தெரிந்தால் நடு ஃ கிடைத்துவிடும். ஆய்தம் உள்ள மூன்றெழுத்துச் சொற்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அளவைச் சொற்களில் இன்னொரு கண்ணி. 'பழைய அளவை (2)' என்று எழுதுபவர்களை நாழிக்கணக்கில் நிற்க வைக்க வேண்டும். உரியும் வரும், நாழியும் வரும், படியும் வரும், தொடியும் வரும். 'இரண்டு உரி' என்று திருத்தினாலும் போதாது. இரண்டு உரி ஒரு நாழி, ஒரு படி என்றும் சொல்வார்கள், இரண்டுமே இரண்டு கட்டம். 'புறநானூறு 189-இல் உண்பது' என்றால் நாழி தவிர வேறு எதற்கும் வழியில்லை. உரிக்கு 'தோலை நீக்கு, அரைப்படி' போதும். ஆனால் ரி-யின் மேல் கட்டாயம் இன்னொரு சொல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் வெண்ணெய்ப் பானையைத் தொங்கவிடும் உறியை எழுதிவிட்டு, விடை தவறு என்று வாதாடுவார்கள். ர/ற, ல/ள/ழ, ந/ன/ண வரும் கட்டங்கள் இரு சொல்லும் சந்திக்கும் கட்டங்களாக இருப்பது நல்லது. அரைப்படியிலும் ஒரு வழக்கு உண்டு. நடுவில் 'ப்' போட்டால் ஐந்து கட்டம், போடாவிட்டால் நாலு. ஒற்று மிகும் என்று இலக்கணம் சொல்லும், கடைப்பலகை சொல்லாது.

பழஞ்சொல் என்றதும் சங்க இலக்கியத்துக்கு ஓட வேண்டியதில்லை. தாலுகா ஆபீஸில் அவை சம்பளம் வாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. 'ஜூலை 1-இல் பிறக்கும் ஆண்டு (3)': பசலி, அதாவது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு. நடப்பு ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் தொடங்கும் பசலி வரும். 2025-இல் தொடங்கியது 1435. இதன் பக்கத்திலேயே 'தலைவன் பிரிந்தால் மேனியில் படரும். வேலியிலும் படரும் (3)' என்று ஒன்று போட்டால் வீட்டில் நல்ல வேடிக்கை. விடை பசலை. அகத்திணை படித்த மருமகளும் கீரைக் கூட்டு வைக்கும் மாமியாரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லும் அரிய காட்சியைப் பார்க்கலாம். இடையில் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் யாராவது இருந்தால் 'பசலி' என்பார். ப-வும் ச-வும் அவர் பக்கம்தான். கடைசிக் கட்டம்தான் காலை வாரும்.

பொருள் மாறிய சொற்கள் இன்னும் சுலபம். 'அன்று மணந்தது, இன்று மூக்கைப் பொத்து (4)': நாற்றம். 'நரைக்காத தலைவன் (4)': கிழவன். தொல்காப்பியத்துக் கிழவன் காதலிக்கும் வயதில் இருப்பவன் என்று தாத்தாவிடம் சொன்னால் அன்று முழுவதும் உற்சாகமாக இருப்பார்.

ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. ஒரே கட்டத்தில் முடிவதால் ஒன்றுகூட விடையாக நிற்க முடியாது, ஆனால் குறிப்புக்குள் உதிரிப் பாகமாக நன்றாக உழைக்கும். 'அரசனிடம் ஆயுதம், கும்பிட்டு வரலாம் (3)' என்பதில் கோ அரசன், மிச்சம் வில். கோவிலா கோயிலா என்ற சண்டையும் இங்கே எழாது.

இரண்டாம் எழுத்து மட்டும் கையில் இருந்து மற்றது தெரியாமல் திண்டாடினால், வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) தொடை என்ற பகுதியைப் பாருங்கள். எதுகைப்படி அடுக்கியது, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்த சொற்களெல்லாம் ஒரே இடத்தில். புலவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, '_ழ_' வந்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உதவுகிறது.

இது ஒன்றை மட்டும் விடை சொல்லாமல் விடுகிறோம்: 'கையில் போட்டால் வளையல், தராசில் போட்டால் ஒரு பலம் (2)'. அகராதி வேண்டாம், மேலே ஏற்கெனவே வந்துவிட்டது.