ஐடிஐ வெல்டர் சான்றிதழும் 6ஜி டெஸ்டும்

ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. கிரில், கேட் பட்டறைக்கு அது தாராளம். பாய்லர், பைப்லைன் வேலைக்குப் போனால்தான் சிக்கல். அங்கே சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு 6ஜி டெஸ்ட் கொடுப்பார்கள்: 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப், அதைச் சுற்றி வெல்டிங். மேசைமேல் பிளேட் வைத்து 6013 என்ற சாதாரண வெல்டிங் ராடில் மட்டும் பழகிய கை, பைப்பின் அடிப்பக்கம் வந்ததும் தடுமாறும். இணைக்கும் இரண்டு பைப் துண்டுக்கும் நடுவே விடும் ரூட் இடைவெளி சுமார் 3 மி.மீ.தான், கரண்ட் குறைந்தால் உள்ளே உருகிச் சேராது, கூடினால் ஓட்டை விழும். பெட்டி பிரித்துக் கிடந்த 7018 என்ற ஹைட்ரஜன் குறைந்த ராடை, ராடு உலர்த்தும் அடுப்பில் சுடாமல் எடுத்தால், ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் பிற்பாடு விரிசல் விடவைக்கும். (தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு, அந்த அடுப்பைப் பார்த்தவர்கள்தான் குறைவு.) ஐடிஐயில் சேருமுன் கேட்டுவிடுங்கள்: பழக ஓர் ஆளுக்கு வாரத்துக்கு எத்தனை ராடு, எத்தனை பைப் துண்டு?