பொம்மை கட்டியிருக்கிற புடவை

பி.காம் முடித்த கையோடு கிருஷ்ணகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். விற்பனைக்கு என்றுதான் சேர்த்தார்கள். எனக்குப் புடவை மடிப்பு நன்றாக வருகிறது என்று முதலாளியம்மா கண்டுபிடித்த அன்றிலிருந்து ஷோகேஸ் என் தலையில்.

பொம்மைக்குக் கொசுவம் வைப்பது லேசில்லை. வழவழ இடுப்பில் எதுவும் நிற்காது. முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் போனால் முழுக்கக் குண்டூசி. 'அந்தப் பொம்மை கட்டியிருக்கிறதையே குடுங்க' என்று யாராவது கேட்டால் மறுபடி முதலிலிருந்து. மேற்குப் பார்த்த கடை வேறு. சாயங்கால வெயிலில் ஒரு மயில்கழுத்துப் பட்டு மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போய், திட்டு எனக்கு விழுந்தது.

ஷோகேஸ் என்ற சொல்லே வேடிக்கை. கடைமுகப்புக் கண்ணாடிக்கும் அதுதான், வீட்டில் பரிசுக் கோப்பையும் தஞ்சாவூர் பொம்மையும் வைக்கிற அலமாரிக்கும் அதுதான். 'காட்சிப் பேழை' என்று எழுதலாம். எனக்கு மியூசியம்தான் ஞாபகம் வருகிறது. ஜெர்மன்காரர்கள் 'பார்க்கும் ஜன்னல்' என்கிறார்கள். வாங்காமல் வேடிக்கை பார்த்துப் போவதற்குப் பிரெஞ்சில் 'கண்ணாடியை நக்குவது' என்றே பெயர்! கடைப் பொம்மைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற மேனெக்வின் என்பது 'குட்டி மனிதன்' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் பொம்மை என்னைவிட உயரம்.

லண்டனில் 1909இல் திறந்த செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடை, மூடிய பிறகும் கண்ணாடிக்குள் விளக்கை எரியவிட்டது. எங்கள் முதலாளியம்மா ஒன்பதரைக்கெல்லாம் மெயினை அணைத்துவிடுவார்.

இப்போதும் எந்த ஜவுளிக்கடையைக் கடந்தாலும் புடவையின் விலை என் கண்ணில் படுவதில்லை. கொசுவம் நேராக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.